இரண்டாவது வரி

உட்காருங்கள் அம்மா, தாராளமாக உட்காருங்கள். அது யாருடைய இடமும் இல்லை. பெஞ்சுக்குப் பெயர் எழுதி வைக்கிற வழக்கமெல்லாம் இந்தச் சபையில் கிடையாது. பையை நடுவில் வையுங்கள். இப்போதுதான் முதல் மணி அடித்திருக்கிறது. இரண்டாம் மணி அடித்த பிறகுதான் பாதிப் பேர் குளிக்கவே போவார்கள். மூன்றாம் மணிக்குத்தான் ஆராதனை.

புதிதாக வந்திருக்கிறீர்கள், இல்லையா? முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, பெண்கள் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்று வாசலில் நின்று பார்த்தீர்களே, அதிலேயே தெரிந்தது. நானும் ஒருநாள் அந்தப் படியில் அப்படித்தான் நின்றேன். பெயர் என்ன சொன்னீர்கள்? பெர்சிஸ். வேதத்தில் ஓரிடத்தில் தலையைக் காட்டிவிட்டுப் போகிற பெயர். எனக்குப் பிடிக்கும் அந்த மாதிரிப் பெயர்கள்.

நான் சுகிர்தா. மாயவரம் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். இங்கே எல்லோரும் மேடம் என்பார்கள். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

பாட்டுப் புத்தகம் கொண்டுவரவில்லையா? என்னுடையதில் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். பொறுங்கள், கண்ணாடியை எடுக்கிறேன். இதென்ன, பைக்குள் இரண்டு கண்ணாடிக் கூடு இருக்கிறது. இது எமரால்டுடையது. பூட்டு உடைந்துபோய், சிவப்பு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறாள். இரண்டும் கறுப்பு, ஒரே மாதிரி. அவசரத்தில் இதையும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது. இருக்கட்டும். கெட்டுப்போகிற பண்டமா என்ன.

எமரால்டு என் ஓர்ப்படி. என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. என்னோடுதான் இருக்கிறாள். இன்றைக்கு வரவில்லை. அவள் இப்போதெல்லாம் வேறு சபைக்குப் போகிறாள்.

நீங்கள் எத்தனை சர்ச்சு பார்த்துவிட்டு இங்கே வந்தீர்கள்? சொல்ல வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது. வீடு பார்த்து அலைவதைவிட இது கஷ்டம். வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்கலாம். சபையில் என்னவென்று கேட்பது?

என் வீட்டுக்காரர் போன பிறகு மகன் என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிவந்து, ஒரு அடுக்குமாடி வீட்டில் வைத்துவிட்டு, அவன் கனடாவுக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கே போவது என்று தெரியாது. முதலில் டவுனில் இருக்கிற பெரிய கோயிலுக்குப் போனேன். கல் கட்டடம், வண்ணக் கண்ணாடி, குழாய் ஆர்கன். கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போது தோளில் யாரோ தட்டினார்கள். ஒரு அம்மாள். "மன்னிச்சுக்கோங்க, இது எங்க குடும்பம் உட்கார்ற இடம்" என்றார்கள். அவர்கள் மாமனார் காலத்திலிருந்தே அந்த பெஞ்சாம். எழுந்து தூணுக்குப் பின்னால் போனேன். அங்கிருந்து பார்த்தால் பிரசங்கம் செய்கிறவருடைய வலது கை மட்டும் தெரிந்தது.

அடுத்தது புறவழிச் சாலையில் ஒரு மண்டபம். டிரம்ஸ், கிடார், பெரிய திரை. திரையில் பாட்டு ஓடும். புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார்கள். நின்றேன். கைதட்டி, ஒரு சாக்லேட்டும் சேலையில் குத்திக்கொள்ள ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அடுத்த வாரம் போனேன். அதே பையன், அதே சிரிப்பு, "முதல் தடவையா வர்றீங்களா ஆன்ட்டி?" என்று இன்னொரு சாக்லேட். அதற்கு அடுத்த வாரம் நான் போகவில்லை.

இன்னொரு சபை, பெயர் வேண்டாம். ரொம்ப அன்பாகப் பேசினார்கள். சொந்த ஊர் எது, வீட்டுக்காரருக்கு எந்த ஊர், அப்பாவுடைய அப்பா என்ன வேலை பார்த்தார், எங்கே பெண் கொடுத்து எங்கே எடுப்பீர்கள். நானும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு பதிலில் சிரிப்பு கொஞ்சம் உள்ளே போனது. எந்தப் பதில் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம்தான் இது. பஸ் தப்பிப்போய் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். பாட்டுச் சத்தம் கேட்டது. அப்போது இந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைகூட ஓட்டையாக இருந்தது. மில்லுக்கு வேலைக்கு வந்த தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் கட்டிய சர்ச்சு இது. ஆர்மோனியம் இருக்கிறது, துருத்தியை எலி தின்றுவிட்டது. அதனால் இங்கே ஒருவர் பாட்டை எடுத்துக்கொடுக்க வேண்டும். ஆயர் எண்ணைச் சொல்லுவார். ஒரு கணம் அமைதி. யாராவது ஒருவர் முதல் வரியை எடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ரொம்ப மேலே எடுத்துவிட்டால் சரணத்தில் எல்லோருக்கும் தொண்டை கிழியும். கீழே எடுத்தால் ஆண்கள் கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கும். எடுக்கிறவர் கையில்தான் எல்லாம்.

அன்றைக்கு எடுத்துக்கொண்டிருந்தவர் மேசாக் ஐயா. அதோ, ஆண்கள் பக்கத்தில் முதல் பெஞ்சில், தடியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தவர். படியில் நின்று கேட்டேன். எனக்குத் தெரிந்த கீர்த்தனைதான். எல்லாச் சபையிலும் பாடுகிற கீர்த்தனைதான். ஆனால் பெர்சிஸ், மெட்டு! ஊருக்கு ஊர் மெட்டு வேறு, தெரியுமல்லவா? டவுன் கோயிலில் வேறு மெட்டு. மண்டபத்தில் அதை என்னவோ செய்து வைத்திருந்தார்கள். இங்கே பாடினது என் அம்மா துணி மடிக்கும்போது பாடின மெட்டு. முதல் வரி முடிந்ததும் ஒரு மூச்சு நிற்கும். ஒரே ஒரு மூச்சு. அப்புறம்தான் இரண்டாவது வரி இறங்கும். அந்த மூச்சில் நானும் நின்றேன். இறங்கும்போது நானும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

யாரும் தோளில் தட்டவில்லை. யாரும் சாக்லேட் கொடுக்கவில்லை. ஒரு அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். இந்த பெஞ்சுதான்.

பிறகு மேசாக் ஐயாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை ஆயர் எண்ணைச் சொன்னார். அமைதி. யாரும் எடுக்கவில்லை. ஐயா தடியைத் தூக்கி இந்தப் பக்கம் நீட்டினார். என்னை நோக்கி. நான் எடுத்தேன். அன்றிலிருந்து நான்தான். கல்லூரியில் எனக்குத் துறைத்தலைவர் பதவி கொடுத்தார்கள், வெள்ளித் தட்டு கொடுத்தார்கள். எதுவும் அந்தத் தடி நீண்ட மாதிரி இல்லை.

ஸ்தோத்திரம் ஜாய்ஸ். இல்லை, வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. சொல்கிறேன். சொல்கிறேனம்மா.

கேட்டீர்களா? "எமரால்டு அக்கா இன்னைக்கும் வரலீங்களா மேடம்?" என்றுதான் முதல் பேச்சு. நான் முழுதாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அது கண்ணில் படவில்லை.

அவளை இங்கே கூட்டி வந்ததே நான்தான். கொழுந்தனார் இறந்து, பிள்ளை குட்டி இல்லாமல், தெற்கே சாயர்புரத்தில் தனியாக இருந்தாள். பாவம், தனியாக இருக்கிறாளே என்று நினைத்தேன். அவள் என்னவோ நன்றாகத்தான் இருந்தாள். கோழி வளர்த்துக்கொண்டு, நாலு வீட்டுக்குப் போய்வந்துகொண்டு. நான்தான் திரும்பத் திரும்பப் போன் பண்ணி, வா, எனக்கும் ஒரு துணையாக இருக்கும் என்றேன். வந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, முறுக்குப் பிழிகிற உழக்கு, இந்தக் கண்ணாடிக் கூடு.

செடிகளில் சல்லிவேர் உண்டு, ஆணிவேர் உண்டு. சல்லிவேர்ச் செடியை எங்கே பிடுங்கி எங்கே நட்டாலும் மறுநாளே தலையைத் தூக்கிவிடும். ஆணிவேர் அப்படியில்லை. அது ஒரு இடத்தில் இறங்கினால் இறங்கினதுதான். என் மாணவிகளுக்கு வருடா வருடம் சொன்னது இது. எமரால்டு சல்லிவேர்.

முதல் ஞாயிற்றுக்கிழமை என் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜாய்ஸுடைய மருமகளுக்கு எத்தனையாவது மாதம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் ஜாய்ஸுக்குப் பக்கத்தில் இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறேன், மருமகள் இருப்பதே எனக்குத் தெரியாது. அப்புறம் முந்திரிக்கொத்து செய்து டப்பா டப்பாவாகக் கொண்டுவந்தாள். அப்புறம் மணியடிக்கிறவருக்கு முழங்கால் வலிக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். அப்புறம் எங்கே பார்த்தாலும் எமரால்டு அக்கா, எமரால்டு அக்கா. ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "எமரால்டு அக்கா வீட்டுக்குத்தானுங்க?" என்று கேட்டார். அது என் வீடு. மின்சாரக் கட்டணம் என் பெயரில் வருகிறது.

சபை விருந்து நடந்தது. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். "மேடம், நீங்க மேலே உக்காருங்க." அவளைக் கையைப் பிடித்து இழுத்துத் தரையில், பாயில், தங்களுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். யாரோ ஏதோ சொல்ல, அவள் ஜாய்ஸ் தோளில் சாய்ந்து சிரித்தாள். என்ன விஷயம் என்று எனக்குக் காதில் விழவில்லை. நாற்காலி உயரம்.

எனக்குக் கிடைத்தது மரியாதை. அவளுக்குக் கிடைத்தது தோள். நான் பொறாமைப்படுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எது எப்படி நடக்கிறது என்று கவனிப்பது என் தொழில், அவ்வளவுதான்.

அதுகூடப் பரவாயில்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும், பாட்டு என்னிடம் இருக்கிறது என்று இருந்தேன்.

பெண்கள் ஞாயிறு வந்தது. சர்ச்சு நிறைய ஆட்கள். ஆயர் அந்தக் கீர்த்தனையின் எண்ணைச் சொன்னார். அதோ, பலகையில் இன்றைக்கும் முதலாவதாகப் போட்டிருக்கிறார்களே, அதே எண். நான் எடுத்தேன். நல்ல சுருதி அன்றைக்கு, எனக்கே தெரிந்தது. முதல் வரி முடிந்தது. அந்த மூச்சு. எல்லோரும் நின்றோம். அந்த மூச்சுக்குள், என் பக்கத்தில், இந்த இடத்தில் நின்றுகொண்டு, எமரால்டு இரண்டாவது வரியைப் பாடிவிட்டாள். அவளுடைய மெட்டில். அவர்கள் ஊர் மெட்டில் அங்கே மூச்சு கிடையாது, நேரே மேலே ஏறிப் போகும். அவளும் ஏறிப் போனாள். குரல் வேறு வெண்கலம். அவளோடு ஜாய்ஸ் போனாள், ஜாய்ஸோடு பின் பெஞ்சு போனது, ஆண்கள் போனார்கள். சின்னப் பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்தார்கள். ஒரு நிமிஷத்துக்குள் சபை முழுவதும் சாயர்புரமாகிவிட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். இழுத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ யக்கா, வாய் தானா போயிட்டுக்கா. சின்னதுலருந்து பாடுன வாயில்லா, நிக்கத் தெரியலக்கா."

வாய் தானாகப் போகுமாம். என் வாய் போகிறதா?

இரண்டாம் மணி. பார்த்தீர்களா, இப்போதுதான் ஆட்கள் வருகிறார்கள். உங்களுக்கு வெயில் படுகிறதா? இந்தப் பக்கம் ஜன்னல் காற்று வரும். எமரால்டு எப்போதும் என்னை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு வெயிலில் உட்காருவாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நல்லது செய்ய வேண்டும் அவளுக்கு.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நான் பாட்டு எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. ஆயர் எண்ணைச் சொல்லுவார், அமைதி, எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், நான் புத்தகத்தைப் பார்ப்பேன். எமரால்டு எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் எடுக்கவில்லை. "எங்கக்கா எடுக்கட்டும்" என்று காத்திருப்பாள், பெரிய மனுஷி மாதிரி. கடைசியில் ஆயரே எங்கேயோ தொடங்கி எங்கேயோ முடிப்பார்.

ஒருநாள் சாயங்காலம் ஜாய்ஸும் இன்னும் நாலைந்து பேரும் வீட்டுக்கு வந்தார்கள். சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு. "மேடம், தொண்டை சரியில்லீங்களா? நீங்க எடுக்காம கோயிலே கோயில் மாதிரி இல்லீங்க" என்றாள் ஜாய்ஸ். எதற்காக வந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? எமரால்டு அன்றைக்குத்தான் முந்திரிக்கொத்து சுட்டிருந்தாள். வாசனை மாடிப்படி வரைக்கும் போயிருக்கும். தின்றுவிட்டு, என்னிடம் ஒரு பேச்சு பேசிவிட்டுப் போனார்கள். மேசாக் ஐயாகூட மாடி ஏறி வந்திருந்தார், அந்தக் காலோடு. பேச வராது அவருக்கு இப்போது. என் எதிரில் உட்கார்ந்து தடியால் தரையில் தாளம் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். வயதாகிவிட்டது, பாவம்.

அவர்கள் போன பிறகு எமரால்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். திட்டவில்லை. நிதானமாகத்தான் சொன்னேன். "உனக்கு எங்கே போனாலும் வீடாகிவிடும் எமரால்டு. எனக்கு இருக்கிறது இது ஒன்றுதான்."

அவள் கை நின்றது. "என்னக்கா இப்படிச் சொல்லுதிய" என்றாள். அப்புறம் மறுபடியும் உரித்தாள். எல்லாவற்றையும் உரித்து முடித்த பிறகு, "சரிக்கா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னாலேயே கிளம்பி நின்றாள். அந்த மண்டபத்துக்குப் போகிறாளாம். டிரம்ஸ் மண்டபம். "அங்கேயும் ஒருதரம் பாத்துட்டு வாரேங்க்கா." போனாள். திரும்பி வந்து சாக்லேட்டை என் கையில் கொடுத்தாள். "அந்தப் பையன் குடுத்தான், ஒங்களுக்கு." அதற்கு அடுத்த வாரமும் அங்கேதான் போனாள். என்ன பாடினார்கள் என்று கேட்டால், "நல்லாத்தான் பாடுதாவ" என்பாள். அவ்வளவுதான். அங்கே இதற்குள் அவள் கையில் மைக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பையன் அக்கா என்று கூப்பிடுவான். இரண்டாவது சாக்லேட் அவளுக்குக் கிடைக்கவில்லை, கவனித்தீர்களா? அவளை அவன் மறக்கவில்லை.

நான் மறுபடியும் பாட்டு எடுக்கிறேன். எல்லாம் பழையபடி. யாரும் குறுக்கே பாடுவதில்லை. முதல் வரி முடிகிறது, மூச்சு நிற்கிறது, இரண்டாவது வரி இறங்குகிறது. ஆனால் அந்த மூச்சு இப்போது நீளமாக இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. முன்பு இருந்த அளவுதான். அதற்குள் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கிறது. பக்கத்தில் யாராவது வாயைத் திறக்கிறார்களா என்று காது போகிறது. போன வாரம் அந்தக் காதினாலேயே சுருதி விட்டுவிட்டேன். சரணத்தில் எல்லோருக்கும் தொண்டை கிழிந்தது. மேசாக் ஐயா திரும்பி இந்த இடத்தைப் பார்த்தார். என்னை இல்லை. காலியாக இருந்த இந்த இடத்தை.

அதனால்தான் உங்களைப் பார்த்ததும் இங்கேயே கூப்பிட்டு உட்காரவைத்தேன். இடம் காலியாக இருந்தால் ஆட்கள் அதையே பார்க்கிறார்கள்.

காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது நான் கிளம்பிவிட்டேன். அந்த மண்டபத்துக்கு ஒன்பதரைக்குத்தான் போக வேண்டும் அவளுக்கு. அங்கே புத்தகம் வேண்டாம், எல்லாம் திரையில் ஓடும். ஆனால் கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் திரையும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். தேடியிருப்பாள். அலமாரி மேலே, குளிர்சாதனப் பெட்டி மேலே. இதைத் தவிர வேறு கண்ணாடி கிடையாது. என் பையில்தான் இருக்கும் என்று கொஞ்சம் நேரம் கழித்துத் தோன்றும். மட்டி இல்லை அவள். தோன்றினால் ஆட்டோ பிடித்து வரட்டும், வராமல் போகட்டும். எனக்கென்ன. நான் வேண்டுமென்றா எடுத்தேன்?

நீங்கள் ஏன் அடிக்கடி வாசலைப் பார்க்கிறீர்கள்? நானா பார்க்கிறேன் என்கிறீர்கள்? இல்லையே. வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தேன்.

எந்த மெட்டில் பாடுவீர்கள் நீங்கள், அந்தக் கீர்த்தனையை? உங்களுக்கு எந்த ஊர் என்று நான் கேட்க மாட்டேன், பயப்படாதீர்கள். மெட்டை மட்டும் சொல்லுங்கள். தெரியாதா? பாடவே வராதா? பரவாயில்லை. இங்கே பாடத் தெரியாதவர்கள்தான் சத்தமாகப் பாடுவார்கள்.

ஆட்டோ.

இல்லை, அது வேறு யாராவது இருக்கும். அந்த ஆட்டோக்காரர் ஒரு சந்து தள்ளித்தான் நிறுத்துவார். எமரால்டு வந்தால் மட்டும் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்.

வாசல் வரைக்கும் வந்திருக்கிறது.

பாருங்கள், பாருங்கள் அவளை. தலைமுடிகூடச் சரியாகக் காயவில்லை. படியைக் காலால் தடவிக்கொண்டு ஏறுகிறாள். கையில் டப்பா வேறு. கண் தெரியாவிட்டாலும் டப்பாவை விடமாட்டாள். அதோ ஜாய்ஸ் எழுந்து ஓடுகிறாள், கையைப் பிடிக்க. எனக்கு ஒருநாள் அப்படி எழுந்து ஓடியிருக்கிறாளா? மேசாக் ஐயா தடியைத் தூக்குகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒரு ஆள் உள்ளே வருவதற்கு இவ்வளவு சிரிப்பா?

நான் கூப்பிடவில்லை. கண்ணாடிக்காகத்தான் வருகிறாள்.

கொஞ்சம் எழுந்திருங்கள் பெர்சிஸ். அந்தப் பையை எடுங்கள். இல்லை, ஜன்னல் பக்கமாக இல்லை, அந்தப் பக்கம், தூணை ஒட்டி நகர்ந்து உட்காருங்கள். உங்களுக்கு அங்கே நன்றாக இருக்கும். எனக்குப் பக்கத்தில் அவள் உட்கார வேண்டும். அது அவள் இடம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, அவளிடம் இப்போதே பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வார்த்தை பேசினால் உங்களை அப்படியே கையோடு கொண்டுபோய்விடுவாள். உங்களை முதலில் பார்த்தது நான்.

மூன்றாம் மணி. எழுந்து நில்லுங்கள்.

இந்தா எமரால்டு, உன் கண்ணாடி. என்ன பார்க்கிறாய்? தவறி வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் போ, வெயிலில் நிற்காதே. போ என்றால் போ. டப்பாவைக் கீழே வை. பேசாதே, ஆயர் எண்ணைச் சொல்லப்போகிறார்.

முதல் வரி நான் எடுப்பேன். முதல் வரி என்னுடையது.